பாரிசில் வேலை, வார இறுதியில் ஊர்சுற்றல்: புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பவை

முத்தியால்பேட்டை, லாசுப்பேட்டை, பாகூர், கடலூர் ஓ.டி., நெல்லிக்குப்பம் என்று நம் பக்கத்தில் பிரான்சில் உறவுக்காரர் இல்லாத தெரு குறைவு. ஆனால் அங்கே போய் வேலையில் சேர்ந்த புதிதில், “சனி ஞாயிறு எப்படிப் போகுதுன்னே தெரியல” என்று சொல்லாதவர்களும் குறைவு. பாரிசிலும் அதன் புறநகரிலும் வேலை பார்ப்பவர்களையும், போகத் தயாராகிறவர்களையும், இங்கே போனுக்குக் காத்திருக்கும் வீட்டாரையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

வாரத்துக்கு 35 மணி நேரம்தானே வேலை? பிறகு ஏன் யாருக்கும் நேரமே இல்லை?

35 என்பது சட்டப்படியான அளவு. பல ஒப்பந்தங்களில் 39 மணி நேரம் இருக்கும். கூடுதல் நேரத்துக்குச் சம்பளமோ, ‘எர்.தே.தே.’ எனப்படும் ஈடுசெய் விடுப்போ கிடைக்கும். அதிகாரி நிலையில் சேர்ந்தவர்களுக்கு மணிக்கணக்கே இல்லாமல், ஆண்டுக்கு 218 நாள் வேலை என்ற நாள்கணக்கு ஒப்பந்தமும் உண்டு. வேலைக்குச் சேரும்போது உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். வருடம் முழுக்க உங்கள் வெள்ளிக்கிழமைகளின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது.

நேரத்தைத் தின்பது அலுவலகம் மட்டும் இல்லை. சார்செல், கார்ஜ் பக்கம் குடியிருந்தால் போகவர இரண்டு மணி நேரம் ரயிலுக்கே போய்விடும். சூப்பர் மார்க்கெட் பல ஞாயிறு மதியம் ஒரு மணியோடு மூடிவிடும். அதனால் சனிக்கிழமை முழுக்கத் துணி, காய்கறி, லா ஷப்பெல் தமிழ்க் கடை என்று கரைகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீட்டு வேலையை வாரநாளுக்குத் தள்ளுங்கள். துணி செவ்வாய், சாமான் புதன், பை வியாழன் இரவு. வெள்ளி இரவு பை கட்ட உட்கார்ந்தால் சனி காலை 7 மணி ரயில் போய்விடும், 10 மணி ரயிலில் போய் மதியம் இறங்குவீர்கள்.

லீவு போட வெள்ளி நல்லதா, திங்கள் நல்லதா?

சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதம் 2.5 நாள் விடுப்பு சேருகிறது என்றால் உங்கள் நிறுவனம் சனிக்கிழமையையும் வேலைநாளாகக் கணக்கிடுகிறது. ஆண்டுக்கு 30 நாள். 2.08 என்றிருந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் கணக்கு, ஆண்டுக்கு 25 நாள். இரண்டும் ஐந்து வாரம்தான். ஆனால் ஒற்றை நாள் லீவில் வித்தியாசம் வந்துவிடும்.

30 நாள் கணக்கில், விடுப்பு தொடங்கியபின் நீங்கள் வேலைக்குத் திரும்பும்வரை உள்ள சனியும் சேர்ந்து கழியும். வெள்ளி லீவு போட்டுத் திங்கள் வந்தால் இரண்டு நாள் போய்விடும். அதே பயணத்துக்குத் திங்கள் லீவு போட்டுச் செவ்வாய் வந்தால் ஒரே நாள்தான். வெள்ளி மாலை வேலை முடித்தே கிளம்பலாம், திங்களன்று கூட்டமில்லாத ரயிலில் திரும்பலாம். 25 நாள் கணக்குக்காரர்களுக்கு எந்த நாளும் ஒன்றுதான். ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கணக்கு தெரியாமல் லீவைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மே மாதத்தில் எல்லோரும் காணாமல் போகிறார்களே?

‘பாலம்’ போடுகிறார்கள். மே 1, மே 8, இயேசு விண்ணேற்ற நாள் மூன்றும் விடுமுறை. விண்ணேற்ற நாள் எப்போதும் வியாழன்தான் வரும், நடுவில் நிற்கும் வெள்ளியை லீவாக்கினால் நான்கு நாள். 2026-இல் மே 1, மே 8 இரண்டும் வெள்ளி, மே 14 வியாழன். எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்பதால் ரயில் டிக்கெட் விலை ஏறும். விற்பனை திறந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். அங்கே ஞாயிறன்று விழும் விடுமுறைக்கு மறுநாள் ஈடு கிடையாது.

ஆகஸ்ட் 15 அங்கே மாதா விண்ணேற்பு நாள், நவம்பர் 1 புனிதர் அனைவர் நாள். புதுச்சேரியிலும் அந்த இரண்டு தேதிகளும் விடுமுறைதான், காரணம் மட்டும் வேறு. வீட்டாரோடு சாவகாசமாகப் பேச அவை நல்ல நாள்கள்.

ஊருக்கு வர ஐந்து வாரத்தையும் ஒன்றாக எடுக்க முடியுமா?

ஒரே மூச்சில் எடுக்க வழக்கமான உச்சவரம்பு, சனியையும் சேர்த்து 24 வேலைநாள், அதாவது நான்கு வாரம். ஆனால் வீடு தொலைதூர நாட்டில் இருப்பவர்களுக்கு ஐந்தாவது வாரத்தையும் சேர்த்துத் தர சட்டத்தில் இடமிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், எழுத்தில் கேளுங்கள். தேதி ஒப்புக்கொண்டபின், விடுப்புக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, அசாதாரணக் காரணம் இல்லாமல் முதலாளி மாற்ற முடியாது. ஊர்ப் பயணம் இருக்கிற ஆண்டில் வார இறுதிகளுக்கு ஈடுசெய் விடுப்பை மட்டும் செலவழியுங்கள்.

வார இறுதிப் பயணத்தைத் திட்டமிடுவது எங்கிருந்து?

ஞாயிறு மாலையிலிருந்து, பின்னோக்கி. போகிற ரயிலைத் தேடித் தேடி எடுத்துவிட்டு, திரும்புகிற ரயிலைக் கடைசியில் பார்ப்பதுதான் பொதுவாக நடக்கிறது. திங்கள் காலை 9 மணிக்கு வேலை என்றால் ஞாயிறு இரவு 8 மணிக்குள் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும். குளிக்க, சாப்பிட, மறுநாளுக்குச் சட்டை தேய்க்க, தூங்க அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. 8 மணிக்கு வீடு என்றால் எத்தனை மணி ரயில் என்று பாருங்கள். அந்த ரயிலில் இடம் கிடைத்தால்தான் பயணம்.

இன்னொன்று, கடைசி ரயிலை ஒருபோதும் நம்பாதீர்கள். அதற்கு முந்தின ரயில்தான் உங்கள் ரயில். பாரிஸ் புறநகர்ப் பாதைகளில் பராமரிப்பு வேலை பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும். ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், நாற்பது நிமிடப் பாதை இரண்டு மணி நேரமாகும். வெள்ளி மாலை ஒரு தடவை செயலியில் திரும்பும் பாதையைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும். மெட்ரோ வெள்ளி, சனி இரவுகளில் சுமார் 2:15 வரை ஓடும். ஞாயிறு இரவு 1:15 சுமாருக்கே நின்றுவிடும்.

மாதத்தில் ஒரு வார இறுதி எங்கும் போகாமல் இருங்கள் என்பது எங்கள் கருத்து. நான்கு வாரமும் ஓடினால் ஐந்தாவது திங்கள் வேலையில் தவறு வரும்.

நவிகோ அட்டையை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்?

நவிகோ என்பது பாரிஸ் வட்டார ரயில், மெட்ரோ, பேருந்துப் பயண அட்டை. மாத, ஆண்டு நவிகோ, பாரிசும் புறநகரும் சேர்ந்த இல்-த-பிரான்ஸ் மாகாணம் முழுக்கச் செல்லும். அதன் கட்டணத்தில் பாதியை முதலாளி சட்டப்படி திருப்பித் தர வேண்டும், சம்பளச் சீட்டில் அந்தத் தொகை இல்லையென்றால் கேளுங்கள். வேலைக்குப் போக வாங்கிய அதே அட்டையில் ஞாயிறு சும்மா சுற்றலாம். பாரிசின் லியோன் நிலையத்திலிருந்து ஆர் (R) ரயிலில் சுமார் 40 நிமிடத்தில் ஃபோந்தேன்புளோ, அரண்மனையும் பெரிய காடும். கிழக்கு நிலையத்திலிருந்து பி (P) ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ப்ரொவேன், மதில் சூழ்ந்த இடைக்கால ஊர், 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மோன்பர்னாஸிலிருந்து என் ரயிலில் ரம்புயே. கையிலிருந்து செலவு சாப்பாட்டுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் மட்டும்தான்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஷாந்தியி அரண்மனை பக்கம்தான், கார்ஜ்-சார்செலில் நிற்கும் ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயில் தடமே அங்கேயும் போகிறது. ஆனால் அது மாகாண எல்லைக்கு வெளியே, நவிகோ செல்லாது. ஓவியர் மொனேயின் தோட்டம் இருக்கும் ஜிவெர்னி போக இறங்கும் வெர்னோனும் அப்படியே. தனி டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்தால் அபராதம்.

வார நவிகோ திங்கள் முதல் ஞாயிறு வரைதான். சனிக்கிழமை வந்திறங்கிய கையோடு ஏழு நாளைக்கு என்று நினைத்துக் கேட்காதீர்கள். வெள்ளியிலிருந்து விற்பது அடுத்த வாரத்துக்கானது.

எனக்கு உணவகத்தில் வேலை. லீவு திங்கள், செவ்வாய். என்ன செய்வது?

ரயில் மலிவு, கூட்டம் இல்லை, உண்மையில் உங்களுக்குத்தான் யோகம். கிழமையை மட்டும் கவனியுங்கள்: லூவ்ரும் ஃபோந்தேன்புளோ அரண்மனையும் செவ்வாய் மூடல். ஒர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் மூடல். சின்ன ஊர்களில் திங்களன்று பேக்கரிகூடப் பூட்டியிருக்கும், கையில் சாப்பாடு இல்லாமல் போகாதீர்கள். 26 வயதுக்கு உட்பட்டவரா? குடியிருப்பு அட்டையைக் காட்டினால் தேசிய அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம்.

கட்டுச்சோறு எடுத்துப் போகலாமா? கெட்டுப்போகாதா?

தாராளமாக. இரண்டு பேருக்கு இரண்டு வேளைக்கு 300 கிராம் அரிசி, எலுமிச்சை அளவுப் புளி, நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி போதும். புளிக்காய்ச்சலை வியாழன் இரவே செய்து பாட்டிலில் வைக்கலாம். எண்ணெய் மேலே மிதந்து நிற்கிற பதத்தில் இறக்கினால் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் நிற்கும். சோற்றை வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் கிளறுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி தண்ணீராகி அடியில் தேங்கும், மாலைக்குள் நாறும். சனி காலை கட்டியதை ஞாயிறு மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஆனால் ஊரில் யாரும் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. கட்டுச்சோறு வெயிலுக்கென்று வந்த வித்தை. ஜனவரியில் 4 டிகிரிக் குளிரில் பையில் கிடந்தால் கெடாது, கல்லாகிவிடும். ஆறிய சோற்றின் மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும். நவம்பர் முதல் மார்ச் வரை சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திச் சுருளும் தக்காளித் தொக்கும் கட்டுங்கள், ஃபிளாஸ்க்கில் ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு மாவு இருந்தால் பாதி நிம்மதி. புதன் காலை 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம் ஊறப்போட்டு இரவு அரையுங்கள். 19 டிகிரி வீட்டில் மாவு ஒரே இரவில் பொங்காது. சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள் பாதி நிரப்பிய பாத்திரத்தை வைத்தால் 10 முதல் 12 மணி நேரத்தில் எழும்பும். எழும்பியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே விட்டுவிட்டு ஊர்சுற்றப் போனால் ஞாயிறு இரவு தோசை புளித்து வாயில் வைக்க முடியாது. ஓவன் கதவில் ‘உள்ளே மாவு’ என்று சீட்டு ஒட்டுவது நல்லது, அறைத்தோழர் பீட்சாவுக்குச் சூடேற்றிவிடும் ஆபத்து இருக்கிறது.

பெல்ஜியம், ஜெர்மனி போய்வரத் தனி விசா வேண்டுமா?

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு: நீண்டகால விசாவை வந்திறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் செல்லுபடியாக்கியிருந்தால், அல்லது குடியிருப்பு அட்டை கையில் இருந்தால், மற்ற ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய) நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். போகும் நாளும் வரும் நாளும் கணக்கில் சேரும். பாஸ்போர்ட், அட்டை இரண்டும் அசலாகக் கையில் வேண்டும். எல்லையில் ரயிலையும் பேருந்தையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள், போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்ததற்கான ‘ரெசெபிஸே’ சீட்டு மட்டும் கையில் இருக்கிறதா? அந்த மாதங்களில் பிரான்சுக்குள்ளேயே சுற்றுங்கள். முதல்முறை விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் சீட்டை வைத்து நாட்டுக்குள் திரும்பி நுழையவே முடியாது.

லண்டன் வேறு கதை. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கன் இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர்களும் 2025 ஏப்ரல் முதல் பிரிட்டனுக்கு இணையத்தில் முன்னனுமதி வாங்க வேண்டும். சித்தப்பா பிரெஞ்சுக்காரர், பையன் இந்தியப் பாஸ்போர்ட் என்று ஒரே குடும்பமாகக் கிளம்பும்போது இங்கேதான் தகராறு.

20 யூரோ விமான டிக்கெட் உண்மையிலேயே மலிவா?

போவே விமான நிலையம் பாரிசிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். இருவழிப் பேருந்துக் காசு விமானக் காசைத் தாண்டலாம். காலை 6:30 விமானம் என்றால் முந்தின இரவுத் தூக்கமும் போச்சு. மூன்று மணி நேர ரயில் தூரத்துக்குள் இருக்கும் ஊருக்கு ரயில்தான் மலிவு. இட்லிப்பொடி உலர்ந்திருந்தால் கைப்பையில் போகும். எண்ணெயில் குழைத்ததும் ஊறுகாயும் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

கடலோரத்தில் பிறந்தவர்கள் நாங்கள். நார்மண்டி கடலில் என்ன பயம்?

இந்த நினைப்புதான் பயம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் புதுச்சேரிக் கடற்கரையிலும் ஆபத்து அலையும் இழுப்பும்தான். ஓதத்தில், அதாவது கடல் நீர் ஏறி இறங்குவதில், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர், அதை யாரும் கவனிப்பதில்லை. மோன்-சேன்-மிஷேல் வளைகுடாவில் அது 14 மீட்டர் வரை போகும். கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடப்பது சில மணி நேரத்தில் கடல். தண்ணீர் நேராக முன்னால் வராது. பள்ளங்களில் ஓடிவந்து முதுகுப்பக்கம் சூழும். புதைமணலும் உண்டு. வழிகாட்டி இல்லாமல் அந்த வளைகுடாவில் இறங்கவே கூடாது.

எத்ரத்தாவில் வெண்பாறைகளின் அடியில் நடக்கும்போதும் அப்படித்தான். பின்னால் செங்குத்துப் பாறை, ஏறி ஓட இடமில்லை. கிளம்புமுன் அந்த ஊர் ஓதப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள், 90-க்கு மேல் என்றால் பெரிய ஓதம். இறக்கம் உச்சத்தைத் தொடும் நேரத்துக்கு முன்பே திரும்பி நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அந்த எண் ஏறும். காலண்டர் பார்க்கத் தெரிந்த மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டாம்.

ஆகஸ்டிலும் அங்கே தண்ணீர் 18 டிகிரிதான் இருக்கும். வங்கக் கடல் 28-க்குப் பழகிய உடம்பு திடீரென்று குதித்தால் மூச்சு திணறும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று மெதுவாக இறங்குங்கள்.

குளிர்காலத்தில் மலையேற்றம், காட்டு நடை?

வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். புதுச்சேரியில் ஆண்டு முழுக்க மாலை 5:40-க்கும் 6:40-க்கும் இடையில்தான் பொழுது சாயும். பாரிசில் ஜூனில் இரவு 10 மணி, டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னே தள்ளும்போது ஒரே இரவில் ஒரு மணி நேர மாலை வெளிச்சம் போய்விடும். போன வாரம் வெளிச்சத்தில் முடித்த 16 கிலோமீட்டர்ப் பாதை இந்த வாரம் இருட்டில் முடியும். சிவப்பு-வெள்ளைக் கோடு நெடும்பாதை, மஞ்சள் கோடு சிறுபாதை. இருட்டில் இரண்டும் தெரியாது, நெற்றி விளக்கு பையிலேயே கிடக்கட்டும். உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. அவசர எண் 112.

கால் சுளுக்கிக்கொண்டது, திங்கள் வேலைக்குப் போக முடியாது. என்ன செய்ய?

மருத்துவரிடம் ஓய்வுச் சீட்டு வாங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் சேர்க்க வேண்டும். தனியார் வேலையில் முதல் மூன்று நாளுக்குக் காப்பீட்டிலிருந்து பணம் வராது. மருத்துவர் விலக்குத் தராவிட்டால் காலை 9 முதல் 11, மதியம் 2 முதல் 4 வரை வீட்டில் இருக்க வேண்டும், சோதிக்க ஆள் வரலாம். ஓய்வுச் சீட்டில் இருந்துகொண்டு நீஸ் கடற்கரைப் படத்தை வாட்ஸாப்பில் வைத்தால் வேலையே சிக்கலாகும்.

நம் ஊர் லைசென்சில் வாடகைக் கார் ஓட்டலாமா?

அங்கே குடியேறிய முதல் ஓராண்டுக்கு, அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதியோ கூட இருந்தால் ஓட்டலாம். சாலையின் வலப்பக்கம் போவதைவிட, வலப்புறச் சந்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதிதான் நம்மவர்களை மோதவைக்கிறது. சின்னச் சந்தாக இருந்தாலும், பலகை எதுவும் இல்லையென்றால் முன்னுரிமை அவருக்கு.

படித்துக்கொண்டே வார இறுதியில் வேலை பார்க்கலாமா?

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை. சராசரியாக வாரம் பதினெட்டரை. கோடையில் நிறைய எடுத்துவிட்டால் மார்ச்சில் மிச்சம் இருக்காது, மாதாமாதம் எழுதிவையுங்கள்.

பையன் ஞாயிற்றுக்கிழமை போனே எடுப்பதில்லை. வீட்டில் நாங்கள் என்ன நினைப்பது?

காட்டில், சுரங்க ரயிலில் சிக்னல் இருக்காது, பெரும்பாலும் அதுதான் காரணம். பயந்து கிடப்பதைவிட ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஊர், யாரோடு, திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று வெள்ளி இரவு ஒரே செய்தி. வீடு சேர்ந்ததும் ஒரு சொல். அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே கோடையில் 11:30, குளிர்காலத்தில் 12:30, காத்திருந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம். நிதானமாகப் பேச ஞாயிறு காலை அவர் ரயிலில் உட்கார்ந்திருக்கும் 9:30 மணி தோதானது. இங்கே மதியம் 1 மணி, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. அதன்பிறகு 2 மணி.